வழுக்கலும் பிடிப்பும்: கண்டி மலைநாட்டு இயந்திர வரலாற்றில் ஓர் ஏடு

உராய்வு என்றதும் அதனை ஒரு தீமையாகவே எண்ணுவது நம்மவர் வழக்கம். வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடுகிறோம். கதவின் கீலுக்கு எண்ணெய் இடுகிறோம். உராய்வை ஒழிப்பதே இயந்திர நுட்பத்தின் முழு நோக்கம் என்று கருதிவிடுகிறோம். ஆயினும் உராய்வு முற்றும் ஒழிந்த உலகில் ஒருவன் ஓர் அடியேனும் நடக்க இயலாது. கையிலெடுத்த குவளை கையில் நில்லாது. சுவரில் அடித்த ஆணி சுவரில் தங்காது. உராய்வு மிகுந்தால் தேய்வு, குறைந்தால் வழுக்கல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய வழியிலேதான் மனிதன் தன் இயந்திரங்களையெல்லாம் நடத்தி வந்திருக்கிறான்.

இவ்வழியின் வரலாற்றை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை, நேயர்களே. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் பார்த்தாலே போதும். அரக்குக் கடைசல்காரரின் வில், கோப்பித் தோட்டத்து ஆலை, கடுகண்ணாவை ஏற்றத்துப் புகையிரதம், தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டு மேசை ஆகிய நான்கும் ஒரே வினாவுக்கு வெவ்வேறு காலத்தில் கூறப்பட்ட விடைகளாம். அவ்வினா யாதெனில், சுழல்கின்ற பொருளை வழுக்காமல் பிடிப்பது எங்ஙனம் என்பதே. இந்நூற்றாண்டுத் தொழிற்கூடத்தில் அதே வினா உலோக உருளையைச் சாணை பிடிக்கும் இயந்திரத்தின் முன் மீண்டும் எழுந்து நிற்கிறது. அங்கு வந்து சேர்வதே இப்பேச்சின் நோக்கம்.

கண்டி அரசர் காலத்துக் கைவினைகளை ஆராய்ந்து 1908-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் போற்றிய கலைகளுள் அரக்குக் கடைசலும் ஒன்று. கடைசல்காரர் மரத்துண்டை இரண்டு கூரிய முனைகளுக்கிடையே பொருத்துவார், வில்லின் நாணை அதன்மேல் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பார், துண்டு சுழலும். சுழலும் மரத்தின்மீது அரக்குக் கோலை அழுத்தும்பொழுது, உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்திற் படியும். இங்கே உராய்வு இரு பணி செய்கிறது. நாண் மரத்தைப் பற்றிச் சுழற்றுவது ஒன்று. அரக்கை உருக்கிப் பூசுவது மற்றொன்று. நாண் தளர்ந்தால் மரம் நிற்கும், நாண்மட்டும் வழுக்கி ஓடும். மிக இறுகினாலோ வில்லை இழுக்க இயலாது. பொருளைப் பிடித்திருப்பவை இரண்டு முனைகள் என்பதை மட்டும் இங்கு நினைவிற் கொள்வோமாக. உருண்டையாகக் கடைய வேண்டிய பொருளுக்கு இரு நுனிகளிலும் ஒரு மையம் வேண்டும் என்பது பன்னெடுங்காலமாக எவரும் ஐயுறாத விதியாக இருந்தது.

பின்னர்க் கோப்பியின் காலம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டியைச் சூழ்ந்த காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் ஆயின. 1854-இல் ஜோன் வாக்கர் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியாளர் கண்டி நகரில் ஓர் இயந்திரப் பட்டறையைத் தொடங்கினார். கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய பழம் உரிக்கும் இயந்திரங்களே அப்பட்டறையின் முதற் பெரும் பணி. பின்னாளில் வாக்கர் சன்ஸ் என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது இதுவே.

கோப்பிப்பழம் உரிக்கும் இயந்திரத்தின் அமைப்பு எளிது. மேடு மேடாகக் குத்தப்பட்ட செப்புத் தகடு போர்த்திய உருளை ஒன்று சுழலும். அதனெதிரே அசையாத இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். இரண்டிற்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் பழம் நசுங்கித் தோல் கழன்று விதை வெளிப்படும். இடைவெளி சற்றே அகன்றால் பழம் உரிபடாமல் வழுக்கிக் கீழே விழும். சற்றே குறுகினால் விதை வெட்டுப்பட்டு விலை குன்றும். மேலும் பழங்கள் எல்லாம் ஒரே அளவின அல்ல. மேட்டு நிலத்துப் பழம் ஒன்று, பள்ளத்துப் பழம் ஒன்று, பருவத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. ஆதலால் இயந்திரத்தருகே நிற்பவர் வெளிவரும் தோலையும் விதையையும் கண்ணாற் பார்த்து, இடைவெளியைத் திருத்திய வண்ணமே இருத்தல் வேண்டும். இயந்திரத்தை இங்கிலாந்திலோ கண்டியிலோ வார்த்துவிடலாம்; இந்தத் திருத்தத்தை மட்டும் அருகில் நிற்பவரே செய்தாக வேண்டும்.

கோப்பியைத் துறைமுகம் சேர்ப்பது அடுத்த துன்பமாயிற்று. மாட்டு வண்டிகள் கொழும்புக்குச் சென்று மீளப் பல நாள் ஆயின. எனவே தோட்டத்துரைமாரின் நெடுநாள் வேண்டுகோளின்படி கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டு, 1867-இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏறத்தாழ 12 மைல் தூரம் இப்பாதையின் உயிர்ப்பகுதியாகும். அங்கு 45 அடி முன்னே சென்றால் ஓர் அடி உயர வேண்டும். அலகல்லை மலையின் பாறைச் சரிவில், ஒரு புறம் மலையும் மறு புறம் பாதாளமுமாகச் செல்லும் அப்பாதையை இன்றும் பயணிகள் சாளரத்தருகே நின்று வியந்து நோக்குகின்றனர். அதனை வெட்டியவர்கள் காய்ச்சலாலும் கொள்ளைநோயாலும் பெருந்தொகையாக மாண்டனர் என்பதும் அவ்வியப்போடு சேர்த்து எண்ணத்தக்கது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மலை ஏறுவது எங்ஙனம்? ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 200 தொன் நிறையுள்ள வண்டித்தொடர் ஒன்று இவ்வேற்றத்தில் நிற்பதாகக் கொள்வோம். புவியீர்ப்பு அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் வலு 200-ஐ 45-ஆல் வகுத்தாற் கிடைப்பது. அதாவது நாலரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சினின் இயக்கு சக்கரங்கள் தாங்கும் நிறை 40 தொன் என்போம். தண்டவாளம் உலர்ந்திருக்கையில் அந்நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அதாவது 10 தொன், பிடிப்பு வலுவாகக் கிடைக்கலாம். ஏறுவதற்கு அது போதும். ஆனால் மழைத்தூறல் விழுந்து, இலைச்சாறும் எண்ணெயும் படிந்து தண்டவாளம் வழுவழுப்பானால், அப்பங்கு பத்தில் ஒன்றாகவும் குறைந்துவிடலாம். அப்பொழுது கிடைப்பது 4 தொன் மட்டுமே. எஞ்சினில் நீராவி எவ்வளவு இருந்தும் பயனில்லை. சாரதி மேலும் நீராவியைத் திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே வெறிகொண்டு சுழலும், வண்டி அசையாது.

இதற்குச் சாரதிகள் கண்ட மருந்து மணல். எஞ்சினிலுள்ள பெட்டியிலிருந்து குழாய் வழியே சக்கரத்தின் முன்னே உலர்ந்த மணலைத் தூவினர். மணல் ஈரமானால் குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆதலால் அதனை உலர்த்திக் காத்தல் வேண்டும். மிகுந்த பாரமானால் பின்னிருந்து தள்ள இரண்டாம் எஞ்சின் ஒன்று சேர்க்கப்பட்டது. பின்னர் 1927-இல் பேயர் பீக்கொக் நிறுவனத்தார் செய்த காரட் வகை எஞ்சின் வந்தது. அது தன் நிறையைப் பல சக்கரங்களின்மேல் பரப்பி, தண்டவாளத்தையும் பாலத்தையும் நெரிக்காமல் பிடிப்பைப் பெருக்கிக்கொண்டது. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்கள் நீராவியின் இடத்தைப் படிப்படியாகப் பெற்றன. அவற்றிலும் மணற்பெட்டி உண்டு. எஞ்சின் மாறிற்று, உராய்வின் விதி மாறவில்லை.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதில் நுட்பம் அதிகம். இறங்கும்பொழுது வண்டியை எவரும் இழுக்க வேண்டுவதில்லை. அது தானே ஓடத் துடிக்கும். அதனை அடக்கி, விரும்பிய வேகத்தில் நடத்துவதே சாரதியின் வேலை. பிரேக்கு தளர்ந்தால் வண்டி கட்டுமீறி ஓடும். பிரேக்கு மிக இறுகினால் சக்கரம் சுழலாமல் நின்று, தண்டவாளத்தின்மேல் சறுக்கிச் செல்லும். அங்ஙனம் சறுக்கிய சக்கரத்தில், தண்டவாளத்தைத் தொட்ட இடம் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பின்னர் அச்சக்கரம் சுழலுந்தோறும் தட்டை விழுந்த இடம் தண்டவாளத்தை அடித்து ஒலி எழுப்பும். கட்டுமீறிய சுழற்சி, நின்றுபோய்த் தட்டையாதல் என்னும் இவ்விரு கேடுகளையும் மனத்திற் கொள்வோம்; சற்றுப் பின்னர் இவை வேறொரு வடிவில் வரும்.

1869-இல் கோப்பி இலையில் செந்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித்தொழில் அழிந்தது. அதற்கிடையே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். முதலில் இலைகள் மேசைமேல் கையாலேயே உருட்டப்பட்டன. 1872-இல் உருட்டும் கருவியொன்றை அவரே அமைத்தார். 1880-இல் ஜோன் வாக்கர் நிறுவனத்தார் தேயிலை உருட்டும் இயந்திரத்தைத் தோட்டங்களுக்கு வழங்கத் தொடங்கினர். கோப்பிக்காகக் கண்டியிற் பிறந்த பட்டறை தேயிலைக்காகத் தன் கைத்திறனை மாற்றிக்கொண்டது.

உருட்டு மேசையிலும் பழைய வினாவே. வாடிய இலை ஒரு கூட்டினுள் கிடக்கும். மேலிருந்து ஒரு மூடி அழுத்தும். கீழே மேடுகள் பதித்த மேசை நிற்கும். அழுத்தம் குறைந்தால் இலைகள் திரும்பாமலும் முறுக்கேறாமலும் வெறுமனே வழுக்கிச் செல்லும். அழுத்தம் மிகுந்தால் இலை கிழிந்து, சூடேறி, தேநீரின் சுவையே கெடும். ஆதலால் சிறிது நேரம் அழுத்துவர், பின்னர் மூடியை உயர்த்தி இலைக்கு மூச்சு விடுவர், மீண்டும் அழுத்துவர். அவ்வியந்திரங்களை ஓட்டிய தோல் பட்டைகளிலும் வழுக்கல் இருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் பட்டை தளர்ந்து கப்பிமேல் வழுக்கும்பொழுது, அறியாதவர் பட்டையை மேலும் மேலும் இறுக்குவர். அதனால் அச்சும் தாங்கியும் சூடேறித் தேயும். அறிந்தவரோ பட்டையைத் துடைத்து, எண்ணெய் படிந்த இடத்தை நீக்கி, பிசின் தூளைச் சிறிதளவே இடுவர்.

இந்த அறிவு எவருடையது? தொழிற்சாலையின் ஏடுகளில் துரையின் பெயர் உண்டு. இயந்திரம் செய்த நிறுவனத்தின் பெயர் வார்ப்பிரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து மலைநாட்டில் குடியேறிய தமிழ்த் தொழிலாளரும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் கைவினைஞரும் தலைமுறை தலைமுறையாக அவ்வியந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் நோயைக் கண்டறிந்தனர். அவர்கள் பெயர் எந்த இரும்பிலும் பொறிக்கப்படவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய காலத்திலும், அவர்கள் கையறிவினாலேயே உருளைகள் சுழன்றன. இது வரலாற்றில் குறிக்கப்பட வேண்டிய செய்தி.

இனி உலோக உருளைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் பெருகவே, உருளைத் தாங்கிகளுக்கு வேண்டிய சிறு எஃகு உருளைகள் இலட்சக்கணக்கில் தேவைப்பட்டன. ஒவ்வொன்றின் இரு நுனியிலும் மையத்துளை இட்டு, இரு முனைகளுக்கிடையே மாட்டி, சாணை பிடித்து, மீண்டும் கழற்றுவதானால் வேலை முடியுமா? அமெரிக்காவின் டான்பரி நகரில் உருளைத் தாங்கிகள் செய்து வந்த லூயிஸ் ஹைம் என்பவர் 1915-ஐ ஒட்டி மையமில்லாச் சாணை இயந்திரத்தை நடைமுறைக்கு ஏற்ற வடிவில் அமைத்தார். கடைசல்காரரின் இரண்டு முனைகளும் அத்துடன் மறைந்தன.

அவ்வியந்திரத்தில் இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று விரைந்து சுழலும் சாணைக்கல். அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீற்றர் வேகத்தில் ஓடும். மற்றது இரப்பர் கலந்து செய்த மெதுவான ஆளுஞ்சக்கரம். இரண்டிற்கும் நடுவே சாய்ந்த மேற்பரப்புடைய ஒரு தகடு. அதன்மேல் உருளை எப்பிடியுமின்றி வெறுமனே கிடக்கிறது. சாணைக்கல் உருளையைக் கீழ்நோக்கி அழுத்தியபடி விரைந்து சுழற்ற முயல்கிறது. ஆளுஞ்சக்கரமோ, உராய்வினால் அதனைத் தடுத்துத் தன் மெதுவான வேகத்திலேயே சுழல வைக்கிறது. அதாவது, ஆளுஞ்சக்கரத்தின் தலையாய பணி ஓட்டுவதன்று, அடக்குவதே. கடுகண்ணாவையில் இறங்கும் வண்டிக்குப் பிரேக்கு எதுவோ, அதுவே இவ்வுருளைக்கு ஆளுஞ்சக்கரம்.

ஆகவே கேடுகளும் அவையே. பிடிப்பு அற்றுப்போனால் உருளை கட்டுமீறிச் சாணைக்கல்லின் வேகத்தையே பெறும். 20 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள உருளையை எடுத்துக்கொள்வோம். ஆளுஞ்சக்கரத்தின் விளிம்பு நிமிடத்திற்கு 30 மீற்றர் வேகத்தில் ஓடினால், உருளை நிமிடத்திற்கு ஏறத்தாழ 480 முறை சுழலும். பிடி நழுவினால் அது 60 மடங்காகி, 28,000 முறைக்கு மேலாகும். அவ்வேகத்தில் உருளை தகட்டைவிட்டுத் துள்ளி எறியப்படலாம். அருகில் நிற்பவர் உயிருக்கே ஊறு நேரலாம். மாறாக, உருளை சுழலாது தயங்கி நின்றால், ஒரே இடம் சாணைக்கல்லில் தேய்ந்து, சறுக்கிய புகையிரதச் சக்கரத்தைப் போலவே தட்டை விழும், சூடேறிக் கருகும்.

இங்ஙனம் வழுக்கல் நேர்ந்தவுடன், கல்லை இன்னும் இறுக்கிக் கொடுப்பது அனுபவமற்றவர் செய்கை. அது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும். கல்லின் அழுத்தத்தைப் பெருக்கினால் உருளையைச் சுழற்றும் வலுவும் பெருகும். அடக்க வேண்டிய சக்கரத்தின் பிடியோ அதனால் போதாமற் போகும். தேர்ந்தவர் முதலில் கல்லைப் பின்வாங்குவார். உருளை தானே நிற்கும்வரை கையை அருகே கொண்டு செல்லார். பின்னரே காரணத்தை ஒவ்வொன்றாக ஆராய்வார்.

முதலிற் பார்க்க வேண்டியது ஆளுஞ்சக்கரத்தின் மேற்பரப்பு. இரும்புத் தூளும் எண்ணெய்ப் பசையும் அதன் நுண்துளைகளை அடைத்துவிட்டால், அது மழைக்காலத்துத் தண்டவாளம் போல வழுவழுப்பாகும். வைரமுனையால் அதனைச் சீவிப் புதுமுகம் தருதல் வேண்டும். அடுத்து அதன் வடிவம். உருளைகள் தாமே முன்னேறிச் செல்லும்பொருட்டு ஆளுஞ்சக்கரம் சில பாகை சாய்த்து வைக்கப்படும். சாய்ந்த சக்கரம் நேரான உருளையை நீளம் முழுதும் தொடவேண்டுமானால், அது நடுவில் மிகச் சற்றே இடை குறுகிய வடிவில் சீவப்பட்டிருத்தல் வேண்டும். சாய்வை மாற்றிவிட்டு வடிவத்தை மாற்றாது விட்டால், தொடுமிடம் சுருங்கிப் பிடிப்பும் சுருங்கும். வழுக்கலின் காரணத்தைத் தேடி அலைபவர் பெரும்பாலும் காணத் தவறுவது இதுவே.

மூன்றாவது குளிர்நீர். அதில் எண்ணெயின் பங்கு அளவுமீறினால் சாணைக்கல்லுக்கு நன்மை, ஆளுஞ்சக்கரத்திற்குத் தீமை. நான்காவது தாங்கும் தகடு. அதன் முகத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் உருளை அங்கே சிக்கித் தயங்கும். ஐந்தாவது உருளையின் உயரம். அதன் மையம் இரு சக்கரங்களின் மையக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதாலேதான் உருளை வட்டமாகிறது. மையக்கோட்டிலேயே நின்றால், எப்புறம் அளந்தாலும் குறுக்களவு ஒத்திருந்தும் வட்டமல்லாத முக்கோணச் சாயல் வடிவம் உண்டாகும். அளவுமீறி உயர்ந்தாலோ உருளை துள்ளும். இறுதியாக, கொடுக்கும் வேகம். ஒரே முறையில் மிகுதியாகத் தேய்க்க அவாவினால் அடக்கும் வலுவின் எல்லை கடந்துவிடும். சிறிது சிறிதாகத் தேய்ப்பதே காப்பு.

இவற்றுள் எதுவும் கண்டி மலைநாட்டுக்குப் புதிதன்று. செப்பு உருளையின் இடைவெளியைத் திருத்தியவரும், மணலை உலர்த்திக் காத்தவரும், தேயிலைக்கு மூச்சு விட்டவரும், பட்டையை இறுக்காமல் துடைத்தவரும் கண்ட உண்மை ஒன்றே. வழுக்கலை வலுவால் வெல்ல இயலாது. எந்தப் பரப்பு ஓட்டுகிறது, எந்தப் பரப்பு அடக்குகிறது என்று அறிந்து, அவ்விரண்டிற்கும் உரிய விகிதத்தைக் காத்தால் மட்டுமே வெல்லலாம். தொடுமிடத்தை நெரிக்கும் வலு எத்துணையோ, உராய்வும் அத்துணை விகிதத்தில் வளரும் என்று பிரான்சில் அமொந்தோன் 1699-இல் வகுத்துக் கூறினார். அவ்விகிதத்தைச் சூத்திரமாக எழுதாமலே கைகள் அறிந்திருந்தன.

1964-இல் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. அவ்வளாகத்தில் பயிலும் இளைஞருக்கு உராய்வின் சூத்திரங்கள் கரும்பலகையிற் கிடைக்கின்றன. சிறிது தூரம் சென்றால் கடுகண்ணாவையில் 2014 முதல் புகையிரத அரும்பொருட்காட்சியகமும், மறுபுறம் ஹந்தானை மலையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலே தேயிலை அரும்பொருட்காட்சியகமும் உள்ளன. அங்கே ஓய்ந்து நிற்கும் இயந்திரங்களில் உருளைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியை உற்று நோக்குதல் நன்று. ஒரு நூற்றாண்டு அறிவு அவ்விடைவெளியிலே தங்கியிருக்கிறது. இன்னும் நம்மிடையே வாழும் முதிய தொழிலாளரிடம் அதனைக் கேட்டு எழுதி வைத்தால், வருங்காலத்துப் பட்டறையில் ஓர் உருளை பிடி நழுவாமல் இருக்கும்; ஒரு கை ஊனமுறாமல் இருக்கும். அப்பணி காலம் தாழ்த்தற்குரியதன்று.